வைகறையில் ஒரு மிதிவண்டி

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆத்திசூடி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஔவையார் கூறிய அறிவுரைகளுள் பலவற்றை ஆசிரியர் தம் வாழ்வில் கடைப்பிடிக்கிறாரா இல்லையா என்பதை ஏழு வயதுக் குழந்தையால் சோதித்துப் பார்க்க இயலாது. ஈகையும் பொறுமையும் கண்ணுக்குப் புலப்படாதவை. ஆனால், பொழுது புலருமுன் படுக்கையை விட்டு எழ வேண்டும் என்று அவர் கூறியிருப்பது அத்தகையதன்று. அதனைச் சோதிக்க ஒரு கடிகாரம் போதும்.

கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரிடம், முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி ஒருநாள் கேட்டுவிட்டாள்: “ஐயா, நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?”

“வைகறையில்தான்” என்றார் அவர்.

அது பொய்யன்று. ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், கதிரவன் எழுவதற்கு முற்பட்ட பத்து நாழிகையை வைகறை என்றனர். நாழிகைக்கு 24 நிமிடம். பத்து நாழிகைக்கு 4 மணி நேரம். தமிழகத்தில் ஏறத்தாழ 6 மணிக்குக் கதிரவன் எழுவதாகக் கொண்டு, வைகறை என்பது 2 மணி முதல் 6 மணி வரை என்று பாடநூல்கள் கூறும். கோலாலம்பூர்ப் பகுதியிலோ, கதிரவன் ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் தலைகாட்டுகிறது. பிப்ரவரித் திங்களில் ஏழரை மணியை நெருங்கிவிடுகிறது. ஆகவே, காலை 6.15க்கு எழுந்து, அவசரமாகக் குளித்து, 7.30 மணிப் பள்ளிக்கு ஓடுகின்ற ஒருவரும் கணக்குப்படி வைகறையில் எழுபவரே. வகுப்பறையில் இந்தக் கணக்கு அவரைக் காப்பாற்றியது. மருத்துவர் முன்னிலையில் அது செல்லுபடியாகவில்லை.

1969இல் பிறந்த அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. மாத்திரையுடன் உடற்பயிற்சியும் வேண்டும், வாரத்திற்கு 150 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. அவருடைய தந்தை, அதே நோயால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, இறுதி நான்கு ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். அந்த நாற்காலியைத் தள்ளிய கைகளுக்கு மருத்துவர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மாலையில் பயிற்சி செய்யலாமே என்று கேட்கலாம். மாலையில் கூடுதல் வகுப்பு, கூட்டம், புறப்பாட நடவடிக்கை. இவற்றிலிருந்து தப்பினாலும் மழையிலிருந்து தப்ப முடியாது. இடியுடன் கூடிய மழை இந்நாட்டில் பெரும்பாலும் பிற்பகலையே தேர்ந்தெடுக்கிறது. எஞ்சியிருப்பது காலைதான். நீண்ட நேரம் நடக்க முழங்கால் இடந்தராது. ஆகவே, மிதிவண்டி.

வண்டி வீட்டின் பின்புறத்திலேயே இருந்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட ராலே வண்டி, அவருடைய தந்தையுடையது. ரப்பர்ப் பால் நிறைந்த வாளியைக் கட்டிக் கொண்டுவருவதற்காகப் பின்னால் கனத்த இரும்புப் பலகை பொருத்தியது. பட்டணத்துச் சீனர் கடையில் இரண்டு டயர்களையும் தடைக் கட்டைகளையும் மாற்றி, சங்கிலிக்கு எண்ணெயிட்ட பின் அது ஓடியது. சக்கரத்தோடு உராய்ந்து வெளிச்சம் தரும் பழைய டைனமோ மட்டும் உயிர் பெறவில்லை. அதற்குப் பதிலாக முன்னே ஒரு வெள்ளை விளக்கும் பின்னே ஒரு சிவப்பு விளக்கும் வாங்கி மாட்டினார். ஆக, எல்லாம் ஆயத்தம். எழுந்திருப்பது ஒன்றுதான் பாக்கி.

திங்கட்கிழமை 5 மணிக்குக் கைப்பேசியில் எழுப்பு மணி வைத்துப் படுத்தார். மணி அடித்தது. எழுந்தவர் அவருடைய துணைவியார். செவ்வாய்க்கிழமையும் அவ்வாறே. புதன்கிழமை கைப்பேசியை அறையின் மறுகோடியில் வைத்தார். தூக்கத்திலேயே நடந்து சென்று அதனை நிறுத்திவிட்டு மீண்டும் வந்து படுத்துக்கொண்டார்; காலையில் அது அவருக்கு நினைவில்லை. வியாழக்கிழமை துணைவியார் கேட்டார்: “என்னங்க, இந்த மணி உங்களுக்கா, எனக்கா? நான் எழுவதற்கு எனக்கு மணி வேண்டாமே.”

அந்தச் சொல் அவரை உறுத்தியது. இருபத்தெட்டு ஆண்டு இல்லறத்தில், காலையில் அவர் கண் விழிக்கும்போது அடுக்களையில் விளக்கு எரியாத நாளை அவர் கண்டதில்லை. பசியாற ஒன்று, மதியத்திற்குக் கட்டிக்கொள்ள ஒன்று, பிள்ளைகள் படித்த காலத்தில் அவர்களுக்கு வேறு. துணைவியார் நாள்தோறும் 4.45க்கு எழுகிறார் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஆத்திசூடியை வகுப்பில் நடத்தியவர் ஒருவர். நடத்திக் காட்டியவர் வேறொருவர். அதற்கு அவர் எந்த நூலையும் மேற்கோள் காட்டியதில்லை.

அந்த வீட்டில் மட்டுமா? அவருடைய தாயும் தந்தையும் நாற்பது ஆண்டுகள் விடியுமுன்னரே எழுந்தவர்கள். தோட்டத்தில் எவரும் அதனை நற்பழக்கம் என்று சொல்லிக்கொண்டதில்லை. பெரட்டுக் களத்தருகே தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கும் ஓசை லயங்களைத் துளைத்துக்கொண்டு வரும். அந்த ஓசைக்கு முன்னரே அடுப்பு எரிந்திருக்க வேண்டும். கைக்குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக்கொட்டகையில் விட்டிருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. ஔவையார் கருணையோடு சொன்னதைத் தோட்டத்தில் இரும்பு சொன்னது.

இதில் தோட்ட நிருவாகத்தின் கண்டிப்பு மட்டுமன்றி மரத்தின் இயல்பும் உண்டு. ரப்பர் மரத்தின் பட்டையிலுள்ள பால்குழாய்களில் இரவு முழுவதும் நீர் ஏறி அழுத்தம் மிகுந்திருக்கும். அந்நேரத்தில் உளி பட்டால் பால் தாராளமாக வடியும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் குறையும், பால் சுருங்கும். எனவே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்தடிக்குப் போயாக வேண்டும். மரத்தின் தூக்கத்தைக் கலைப்பதற்காக மனிதன் தன் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டான் என்று சொல்லலாம்.

இந்நாட்டின் கடிகாரங்களும் அவர்கள் விடியலோடு விளையாடியிருக்கின்றன. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினர். 1945இல் பழைய நேரம் திரும்பியது. பின்னர், 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் நேரம் சபா, சரவாக் நேரத்தோடு இணைவதற்காக அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. முதல் நாள்வரை ஆறரை மணி என்று அழைக்கப்பட்ட வெளிச்சம் மறுநாள் முதல் ஏழு மணிக்கு வந்தது.

அந்தச் சனவரியில்தான் நம் ஆசிரியர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தார். பள்ளி 8 கிலோமீட்டர் தொலைவு. போக்குவரத்து மிதிவண்டியில். பள்ளி தொடங்கும் நேரம் கடிகாரத்தில் மாறவில்லை, வானத்தில் மாறிவிட்டது. முந்திய ஆண்டு இளவெளிச்சத்தில் போன பிள்ளைகளின் பாதையில் அவர் கும்மிருட்டில் போனார். “பழைய மணிப்படி பார்த்தால் இப்போது ஐந்தரைதான்” என்று அவருடைய பாட்டி நெடுநாள் முணுமுணுத்தார். ஜப்பான் மணியையும் பார்த்த கிழவி அவர். தந்தையோ வாய் திறக்கவில்லை. முதல் வாரம் முழுவதும் பெரட்டுக்குப் போகுமுன் மகனைத் தொட்டு எழுப்பி, வண்டிச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றுப் பார்த்து, டைனமோவைச் சக்கரத்தின்மேல் சாய்த்துவிட்டுப் போனார். அந்த டைனமோவில் ஒரு குறை உண்டு. வேகமாக மிதித்தால் வெளிச்சம். மெதுவாக மிதித்தால் இருட்டு. அச்சத்தால் கால் தயங்கும் இடத்தில்தான் விளக்கும் மங்கும். பதின்மூன்று வயதுச் சிறுவன், எங்கே அச்சமோ அங்கே விரைந்து மிதிக்கக் கற்றுக்கொண்டான்.

அப்படி மூன்றாண்டு சென்றவருக்கு இப்போது ஏன் எழ முடியவில்லை?

முதுமை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. வயது ஏற ஏறத் தூக்கம் முன்னரே கலைவதுதான் இயல்பு. அவர் இது குறித்துச் சில நூல்களைப் படித்துப் பார்த்தார். ஆசிரியர்களுக்கு எதையும் படித்துவிட்டுத்தான் நம்பும் வழக்கம் உண்டு. நம்பிய பின்னும் செய்யாமலிருக்கும் வழக்கமும் உண்டு. உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. பழ ஈக்களை ஆராய்ந்து அதன் இயக்கத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. விழிப்பதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்னதாக உடலின் வெப்பம் மிகக் குறைந்த நிலையை அடைந்து, பிறகு மெல்ல ஏறத் தொடங்குகிறது. அந்தப் பள்ளத்தின் அடியில் கிடப்பவனை மணி அடித்து எழுப்பினால் அவன் எழுந்தாலும் விழிப்பதில்லை. புதன்கிழமை அவர் தூக்கத்திலேயே நடந்ததன் பொருள் அதுதான். இந்தக் கடிகாரத்தை ஒரே நாளில் திருப்பிவைக்க முடியாது. அதனைத் திருப்பும் திறவுகோல் வெளிச்சம்: காலை வெளிச்சம் அதனை முன்னே தள்ளும், இரவு வெளிச்சம் பின்னே இழுக்கும்.

காலை வெளிச்சமோ இந்நாட்டில் ஏழு மணிக்கு மேல். இரவு வெளிச்சத்துக்கு என்ன குறை? அவருடைய இரவை அவர் கணக்கெடுத்துப் பார்த்தார். எட்டு மணிச் செய்தி, அதன்பின் தொடர்நாடகம், அது முடிந்ததும் மாணவர் பயிற்சி நூல்கள், பத்தரை மணிக்கு மேல் கைப்பேசியில் ஆசிரியர் குழுவின் செய்திகள், சுற்றறிக்கைகள், பூக்களோடு கூடிய இரவு வணக்கங்கள். படுக்கும்போது பன்னிரண்டு. ஒரு மனிதனுக்கு 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். பன்னிரண்டோடு ஏழைக் கூட்ட அவருக்குத் தெரியும். அதிகாலை எழுவதற்கான தோல்வி அதிகாலையில் நிகழவில்லை. முதல் நாள் இரவு பத்து மணிக்கே நிகழ்ந்துவிட்டது.

எனவே அவர் காலையை விட்டுவிட்டு இரவைத் திருத்தினார். சில நாள்களுக்கு ஒருமுறை படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னுக்குக் கொண்டுவந்தார். எழும் நேரத்தையும் அவ்வாறே நகர்த்தினார். கைப்பேசியைக் கூடத்திலேயே விட்டார். பயிற்சி நூல்களைப் பள்ளியில் முடித்தார். முடியாதவற்றை மாணவர்கள் ஒருநாள் தாமதமாகப் பெற்றனர், அதனால் எவர் கல்வியும் கெட்டதாகத் தெரியவில்லை. இரவே சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சட்டை, காலணி, சாவி ஆகியவற்றை ஒரே நாற்காலியில் வைத்தார். இருட்டில் எதையும் தேடும் வேலை இருந்தால் மனம் படுக்கையின் பக்கமே சாயும். வெறும் வயிற்றில் போக வேண்டாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தமையால் பக்கத்தில் ஒரு வாழைப்பழம். தொடர்நாடகத்தில் கதாநாயகியின் திருமணம் என்னவாயிற்று என்பதை மட்டும் துணைவியாரிடம் காலையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். மூன்று திங்களாகியும் அந்தத் திருமணம் நடந்தபாடில்லை.

இப்படி ஐந்து வாரம் சென்றது. ஒருநாள் மணி அடிப்பதற்கு முன்பே 5.05க்குக் கண் விழித்துக்கொண்டது. அன்றுதான், ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த அடுக்களை விளக்கின் கீழ்த் துணைவியாரை அந்த நேரத்தில் முதன்முதலாகப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிறிது கூசினர். “தேநீர் கலக்கட்டுமா?” என்று கேட்டார் துணைவியார். “நானே கலக்குகிறேன்” என்றார் அவர். சர்க்கரையில்லாத இரண்டு கோப்பைத் தேநீர். அது நன்றாக இருந்ததாகத் துணைவியார் சொல்லவில்லை, குடித்தார்.

5.30க்கு வண்டி சாலையில் இறங்கியது. அவர் வாழும் ஊர் முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்டது. 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இவ்வட்டாரத்தில்தான் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் நடப்பட்டது. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குத் தாயகமான தோட்டத்திற்குத் தென்னையின் பெயரைச் சூட்டிய தமிழனின் வாயை வரலாறு பதிந்துவைக்கவில்லை. இப்போது சாலையின் இருபுறமும் செம்பனையே. ஆசிரியர் பிறந்த தோட்டத்திலும் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. லயங்களும் இல்லை.

வைகறையின் அழகை எதிர்பார்த்துச் சென்றவருக்கு முதலில் கிடைத்தது இருட்டுதான். கீழ்வானம் வெளுக்க இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. பனியின் ஈரம் கையில் படிந்தது. செம்பனைக் குலைகளை ஏற்றிவந்த லாரி ஒன்று கடந்தபோது வண்டி ஒருமுறை ஆடியது. அவர் சாலையின் இடப்புற ஓரத்தைப் பற்றிக்கொண்டார். நாய் ஒன்று சிறிது தூரம் துரத்தி, பழைய இரும்பின் ஓசையைக் கேட்டுச் சலித்துத் திரும்பியது. தொலைவில் சூராவிலிருந்து விடியல் தொழுகைக்கான அழைப்பு எழுந்தது. அதற்குள் ரொட்டி சானாய்க் கடையில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். ஊர் உறங்குகிறது என்று அவர் இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்த நேரத்தில், உறங்கிக்கொண்டிருந்தவர் ஏறத்தாழ அவர் ஒருவர்தான் போலும்.

தோட்டத்து வாசலுக்கு 4 கிலோமீட்டர். அங்கே அவர் கண்ட காட்சி அவரை நிறுத்தியது. விளக்குக் கம்பத்தின் கீழ் ஆள்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தனர். பெரட்டு. நிற்பவர்கள் வங்காளதேசத்தவர், சிலர் இந்தோனேசியர். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைப் பொருத்தியவர்கள் ஒருபுறம், தள்ளுவண்டிகளுடன் மற்றவர்கள். செம்பனைக்கு ரப்பரைப் போல விடியுமுன் வெட்டினால்தான் பால் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் வெயிலுக்கு முன் வேலையைத் தொடங்க வேண்டும். மரம் மாறியது, ஆள் மாறினார், நேரம் மாறவில்லை. பெயர் கூப்பிடும் குரலும், “ஹாஜிர்” என்ற மறுமொழியும் காதில் விழுந்தன. அவர் தந்தை நின்ற இடம் எதுவென்று அடையாளம் காண முயன்றார். ஒரு பெரிய மழைமரம் இருந்ததாக நினைவு. அது இல்லை.

விடியுமுன் எழுவதால் நோய் வாராது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாற்பது ஆண்டுகள் எழுந்தவரின் கால் என்னவாயிற்று என்பதை அறிந்த ஆசிரியருக்கு அத்தகைய எழுத்தில் நம்பிக்கை இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் தந்தை நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். வெட்ட மரமில்லை, மிதிக்க வழியில்லை. வாசற்படியில் அமர்ந்து, சர்க்கரை மிகுந்த பால்தேநீரைக் குடித்துக்கொண்டு, வெளிச்சம் வரும்வரை இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது அவருடன் எழுந்து ஒருநாளாவது அருகில் அமர்ந்திருக்கலாம். மகன் உறங்கிக்கொண்டிருந்தார், மறுநாள் பள்ளி இருந்தது.

வாரத்தில் ஐந்து நாள் என்று பழகிய பின்னர், பாலத்தருகே இளைஞர் ஒருவர் சேர்ந்துகொண்டார். வங்காளதேசத்தவர், பட்டணத்தில் பலரோடு ஒரு வீட்டில் தங்கி, தோட்டத்திற்கு மிதிவண்டியில் போகிறவர். அவருடைய வண்டியில் விளக்கில்லை. முதல் நாள் ஆசிரியரை முந்திச் செல்லாமல், அவருடைய வெளிச்சத்தில் சக்கரத்தை வைத்து, தோட்டத்து வாசல்வரை பின்னாலேயே வந்தார். மறுநாளும் வந்தார். இருபத்திரண்டு வயதுக் கால்கள் ஐம்பதைக் கடந்த கால்களின் வேகத்திற்குப் பொறுமையாக இறங்கி வந்தன. பேச்சு, அரைகுறை மலாயில் நான்கைந்து சொற்கள்.

ஒரு வியாழக்கிழமை ஆசிரியர் எழவில்லை. முதல் நாள் பள்ளியில் பரிசளிப்பு விழா, படுக்கப் பதினொன்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பாலத்தருகே, நேற்று ஏன் வரவில்லை என்று இளைஞர் கேட்டார். சற்றுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியே போனாராம். பெரட்டுக்குச் சிறிது தாமதம். அதற்காக என்ன நேர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. முழங்கையில் சிராய்ப்பு இருந்தது.

அன்று மாலையே ஆசிரியர் சீனர் கடைக்குச் சென்று, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு விளக்குகள் வாங்கினார். திங்கட்கிழமை பாலத்தருகே இருவரும் வண்டிகளை நிறுத்தி, கைப்பேசி வெளிச்சத்தில் அவற்றைத் திருகிப் பொருத்தினர். இளைஞர் பொத்தானை அழுத்தி எரியவிட்டுப் பார்த்தார், அணைத்தார், மீண்டும் எரியவிட்டார். பிறகு ஏறி மிதித்தார். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த வேகம் அது. ஆசிரியரால் ஈடுகொடுக்க முடியவில்லை. சிவப்பு விளக்கு செம்பனைகளுக்கு இடையே சிறுத்துக்கொண்டே போய், தோட்டத்து வளைவில் மறைந்தது. அப்போது மணி 5.45. ஆசிரியர் மெதுவாக மிதித்து வாசல்வரை சென்று, வண்டியைத் திருப்பினார்.